தலை நின்ற பிறகும் நகரும் உடல்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோழவரத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளத்தில் தொடங்குகிறது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர் முடிந்து வெறுமையாகக் கிடந்த அந்த ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயங்களையும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத்தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னரே சோழவரத்தின் காலம் முடிவுக்கு வந்தது. அத்தகைய சமதளமான, கெட்டியான ஓடுபாதையில் ஒருவர் விழும்போது பெரும்பாலும் பக்கவாட்டில் சரிந்து தரையோடு வழுக்கிச் செல்கிறார். அவருடைய வேகம் உராய்வினால் சில நொடிகளில் சிறுகச் சிறுகக் கரைகிறது. எதிரில் மோதுவதற்குத் தடுப்போ மற்றொரு வண்டியோ இல்லாதவரை, தோல் உடையும் தலைக்கவசமும் அவரை ஓரளவு காப்பாற்றிவிடுகின்றன.

சோழவரத்திலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே கும்மிடிப்பூண்டி நோக்கிச் சென்று சாலையை விட்டு இறங்கினால் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தைச் சுற்றிலும் கனரக லாரிகள் உழுதுபோட்ட மண்பாதைகள் மழைக்குப் பின் காய்ந்து ஆழமான தடங்களாக இறுகி நிற்கின்றன. ஆரணி ஆற்றின் படுகையில் மணல் அடுக்கு ஓரிடத்தில் இறுகியும் அடுத்த அடியில் பொலபொலவென்றும் இருக்கிறது. கோடையில் வற்றிய ஏரிகளின் களிமண் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. பழவேற்காட்டின் கரையோர மணலில் சக்கரம் புதைகிறது. மேற்கே பூண்டியைச் சூழ்ந்த நிலத்தில் செம்புரைச் சரளையும் உருண்டைக் கற்களும் மண்டியுள்ளன. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதிரம்பாக்கத்தில் தொல்பழங்காலக் கற்கருவிகளைக் கண்டெடுத்தது இந்தக் கூழாங்கல் நிலத்தில்தான். இத்தகைய தரையில் விழும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் வழுக்கிச் செல்வதில்லை. முன்சக்கரம் ஒரு பள்ளத்திலோ கல்லிலோ குத்தி நிற்க, வண்டியின் பின்பகுதி எழும்ப, ஓட்டுநர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு, பெரும்பாலும் தலையோ தோளோ முதலில் தரையைத் தொடும்படி விழுகிறார். வேகம் குறைவாக இருப்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கழுத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் முற்றிலும் தவறானது, அது ஏன் தவறு என்பதை விளக்க எளிய இயற்பியலே போதும்.

கரடுமுரடான பாதையில் பழகிய ஓட்டுநர் இருக்கையில் அமர்வதில்லை. கால்மிதிகளின் மேல் எழுந்து நின்று, முழங்கால்களையும் முழங்கைகளையும் தளர்த்தி, அதிர்ச்சிகளை உடலால் உள்வாங்கியபடி ஓட்டுகிறார். அந்த நிலையில் அவருடைய தலை தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது நொடிக்கு 6 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தை, அதாவது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. வண்டியின் முன்னோக்கிய வேகத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே, விழும் உயரம் மட்டுமே தரும் வேகம் இது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1990களில் நைட்டிங்கேல், மெக்எல்ஹேனி, மையர்ஸ் ஆகியோர் மருத்துவ ஆய்வுக்காக அளிக்கப்பட்ட மனித உடற்பகுதிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், தலை நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் தலைகீழாக மோதினாலே கழுத்து முள்ளெலும்புகள் முறியக்கூடும் என்பது தெரியவந்தது. நொடிக்கு 3 மீட்டர் என்பது அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் வேகம், ஏறக்குறைய ஒரு நாற்காலியின் உயரம். நின்றுகொண்டு ஓட்டும் ஒருவர் அதைப்போல் நான்கு மடங்கு உயரத்தில் இருக்கிறார்.

கழுத்தின் அமைப்பு இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள உதவும். கழுத்தில் 7 முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலிருக்கும் முதல் எலும்பு மண்டையோட்டைத் தாங்குகிறது, அதற்கும் இரண்டாவது எலும்புக்கும் இடையிலான மூட்டு தலையை இடமும் வலமுமாகத் திருப்பும் இயக்கத்தில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. மற்ற எலும்புகளுக்கு இடையில் டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. இந்த அடுக்கின் நடுவே செல்லும் கால்வாயில் தண்டுவடம், அதாவது மூளையிலிருந்து உடல் முழுவதற்கும் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் நரம்புக் கற்றை, சுமார் 1 சென்டிமீட்டர் தடிமனில் ஓடுகிறது. 3 முதல் 5 வரையிலான கழுத்து நரம்புகள் மூச்சை இழுக்கும் தசையாகிய உதரவிதானத்தை இயக்குவதால், அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் நசுங்கினால் மூச்சே நின்றுவிடக்கூடும். அதற்குக் கீழே நசுங்கினால் மூச்சு தங்கினாலும் கைகளும் கால்களும் செயலிழக்கின்றன. சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை எல்லாப் பக்கமும் திருப்பவும் உயர்த்தவும் தாழ்த்தவும் வேண்டியிருப்பதால், இயற்கை கழுத்துக்கு வலிமையைவிட நெகிழ்வையே அதிகம் கொடுத்துள்ளது. தலைக்கவசம் அணிந்ததும் அந்த 5 கிலோவுடன் மேலும் 1.2 முதல் 1.5 கிலோ வரை சேர்கிறது.

தலை தரையில் மோதும் கணத்தில் நடப்பதை, எஞ்சின் திடீரென்று நின்றுவிட்ட ரயிலோடு ஒப்பிடலாம்: எஞ்சின் நின்றாலும் பின்னால் வரும் பெட்டிகள் தம் வேகத்தை உடனே இழப்பதில்லை, அவை முன்னேறி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. தலை நின்றுவிட்டது, ஆனால் மார்பும் வயிறும் இடுப்பும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெரும் எடை முழுவதையும் நிறுத்த வேண்டிய பொறுப்பு, இரண்டுக்கும் நடுவே சிக்கிய கழுத்தின்மேல் விழுகிறது. சாதாரண நிலையில் கழுத்து பின்புறம் சற்றுக் குழிந்த வளைவுடன் இருப்பதால் மேலிருந்து வரும் விசையை வளைந்துகொடுத்துச் சமாளிக்கிறது. தலை சுமார் 30 பாகை முன்னால் குனிந்தாலோ அந்த வளைவு நிமிர்ந்து, 7 எலும்புகளும் நேரான தூணாக மாறிவிடுகின்றன. விசை தூணின் அச்சு வழியாகவே இறங்க, வளைய இடமின்றி ஏதோ ஓரிடத்தில் தூண் மடிந்து உடைகிறது. விழும்போது முகத்தைக் காத்துக்கொள்ளத் தாடையை நெஞ்சோடு சேர்ப்பது மனித உடலின் அனிச்சைச் செயல் என்பதால், ஓட்டுநர் தாமறியாமலேயே தம் கழுத்தை இந்த ஆபத்தான நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

டியூக் சோதனைகள் வெளிப்படுத்திய மற்றொரு உண்மை காலத்தைப் பற்றியது. தலை மோதியதிலிருந்து சுமார் 20 மில்லிநொடிக்குள், அதாவது ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்குள், முறிவு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. அப்போது தலை வெளிப்பார்வைக்கு அசைந்திருப்பதுகூட இல்லை. கழுத்துத் தசைகள் ஆபத்தை உணர்ந்து இறுகி முழு விசையைச் செலுத்த அதைவிடப் பல மடங்கு காலம் வேண்டும். உடற்பயிற்சியால் தடித்த கழுத்துள்ளவர் தப்பிவிடுவார் என்ற நம்பிக்கைக்கு இந்த வகை விபத்தில் இடமில்லை. அந்த ஆய்வுகளிலேயே, மெத்தை போன்ற மென்மையான பரப்பில் மோதும்போது தலை அதில் புதைந்து மாட்டிக்கொள்வதால் கழுத்தின் மேல் விழும் சுமை அதிகமாகிறது என்பதும் கண்டறியப்பட்டது. கெட்டியான தரையில் தலை சற்று நழுவி விலகிப்போக வழியுண்டு. புதையும் பரப்பில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பழவேற்காட்டு மணலும் ஆரணி ஆற்றுப் படுகையும் பார்வைக்கு மெத்தைபோல் தோன்றினாலும், தலை புதையும் தரை என்ற வகையில் அவற்றுக்கும் இதே இயற்பியல்தான் பொருந்தும்.

இதனால் தலைக்கவசம் பயனற்றது என்று ஆகிவிடாது. மண்டையோட்டையும் மூளையையும் காக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் தலைக்கவசத்தின் உட்புறமுள்ள தெர்மோகோல் போன்ற நுரை நசுங்குவதற்குக் கிடைக்கும் சில சென்டிமீட்டர் தொலைவு, 5 கிலோ எடையுள்ள தலையை மெதுவாக நிறுத்துவதற்கென வடிவமைக்கப்பட்டதே தவிர, பின்னால் வரும் உடலின் எடையை நிறுத்துவதற்கானதன்று. தலைக்கவசம் மட்டும் மேம்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் காற்பந்து விளையாட்டு ஒரு பாடம். அங்கே கெட்டியான தலைக்கவசமும் முகக் கம்பியும் வந்தபின் வீரர்கள் தலையையே ஆயுதமாக்கி எதிராளியை முட்டத் தொடங்கினர்; தலைக்காயங்கள் குறைந்த வேளையில் கழுத்து முறிவுகள் பெருகின. மருத்துவர் ஜோசப் டோர்க் குழுவினர், கழுத்து பின்னால் மடிவதைவிட அச்சு வழியாக அழுத்தப்படுவதே அந்த முடக்கங்களின் முதன்மைக் காரணம் என்று நிறுவினர்; 1976இல் தலையால் முட்டுவது விதிப்படி தடைசெய்யப்பட்டதும் கைகால் முடங்கும் காயங்கள் பெருமளவு குறைந்தன.

கழுத்து நேராக அழுத்தப்படுவது ஒரு வகை மட்டுமே. தலை முன்னால் மிகையாக மடிதல், பின்னால் மிகையாக மடிதல், தோளை நோக்கிப் பக்கவாட்டில் மடிதல், மடியாமலேயே தலை முழுவதும் பின்னோக்கித் தள்ளப்படுதல் ஆகியவையும் எலும்புகளை இணைக்கும் தசைநார்களைக் கிழித்து முள்ளெலும்புகளை இடம்பெயரச் செய்கின்றன. பெரும்பாலான விபத்துகளில் இவற்றில் ஒன்று தனியாக நிகழ்வதில்லை. அழுத்தமும் மடிதலும் சேர்ந்தே வருகின்றன, உடல் உருளும்போது அவற்றின் திசையும் மாறிக்கொண்டே இருக்கிறது. கார் விபத்துச் சோதனைக்கான அமெரிக்க விதிமுறை, நடுத்தர உடலமைப்புள்ள ஆணைக் குறிக்கும் சோதனைப் பொம்மையின் கழுத்தில் விழும் அழுத்தம் 4,000 நியூட்டனைத் தாண்டக் கூடாது என வரையறுக்கிறது. இது சுமார் 400 கிலோ எடையை ஒரு கணம் தாங்குவதற்குச் சமம். தலைகீழாக விழும் ஓர் உடலை ஓரிரு சென்டிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்த வேண்டியிருந்தால், இந்த எல்லை எளிதில் கடக்கப்பட்டுவிடும்.

கழுத்தைத் தவிர்த்து விசைக்கு வேறொரு வழி அமைத்துக் கொடுக்க முடியுமா என்ற கேள்வி முதலில் கார்ப் பந்தயத்தில் எழுந்தது. அமெரிக்க உயிர்விசையியல் பொறியாளர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய ஓட்டுநரும் தம் உறவினருமான ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980களில் உருவாக்கிய ஹான்ஸ் என்னும் கருவி, தலைக்கவசத்தை வார்களால் தோள்மேல் உள்ள நுகத்துடன் பிணைக்கிறது. 2001இல் டேடோனா கார்ப் பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தபின் அதன் தேவை பரவலாக உணரப்பட்டது, 2003 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. ஆனால் கார் ஓட்டுநரின் உடல் இருக்கைப் பட்டையால் கட்டப்பட்டிருப்பதால்தான் ஹான்ஸ் வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் வண்டியிலிருந்து பிரிந்து பறக்கிறார். மேலும் மேடுகளில் ஏறும்போது மேலே பார்க்கவும், வளைவுகளில் தோளுக்கு மேலாகப் பார்க்கவும் அவருக்குத் தலை கட்டற்றுத் திரும்ப வேண்டும். எனவே அவருக்கு வாரால் கட்டும் கருவி பொருந்தாது.

தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியட், சக ஓட்டுநர் ஒருவர் பந்தயத்தில் இறந்ததைக் கண்டபின் இந்தச் சிக்கலில் இறங்கி, பின்னர் விற்பனைக்குக் கொண்டுவந்த கழுத்துக் காப்பு, அதாவது ஓட்டுநர்கள் நெக் பிரேஸ் என்று அழைக்கும் கருவி, வேறொரு உத்தியைக் கையாண்டது. கழுத்தைச் சுற்றித் தோள்களின் மேல் அமரும் கெட்டியான வளைய மேடை ஒன்று. அதன் முன்பகுதி மார்பெலும்பின் மேலும், பின்பகுதியிலிருந்து கீழிறங்கும் தண்டு இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் ஊன்றுகின்றன. சாதாரணமாக ஓட்டும்போது தலைக்கவசத்தின் விளிம்புக்கும் இந்த மேடைக்கும் இடையே இடைவெளி இருப்பதால் தலை தடையின்றித் திரும்புகிறது. விபத்தில் தலை ஆபத்தான எல்லையை நெருங்கும்போது விளிம்பு மேடையில் வந்து அமர்கிறது. அந்தக் கணம் முதல், தலையிலிருந்து உடலுக்குச் செல்லும் விசையின் ஒரு பகுதி கழுத்தை விட்டு விலகி, தலைக்கவசம், மேடை, மார்பு, முதுகு, தோள் என்ற மாற்றுவழியில் பயணிக்கிறது. மேடை கண்ணாடி இழை கலந்த நைலானாலோ கார்பன் இழையாலோ செய்யப்பட்டு, உடலைத் தொடும் இடங்களில் நுரை ஒட்டப்பட்டிருக்கும். பின்தண்டு குறிப்பிட்ட விசைக்கு மேல் தானாகவே முறியும்படி வடிவமைக்கப்படுவதும் உண்டு, ஏனெனில் முறியாத தண்டு நடுமுதுகின் மேல் நெம்புகோல்போல் செயல்படக்கூடும்.

இந்த விளக்கத்திலிருந்தே கருவியின் எல்லையும் தெளிவாகிறது. தலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மிகையாக மடிவதைத் தடுப்பதில் அதன் செயல் நேரடியானது. உச்சந்தலை நேராக மோதும் தூய அச்சு அழுத்தத்திலோ, தலைக்கவச விளிம்பு மேடையைத் தொடுவதற்குள் கழுத்து ஓரளவு அழுத்தப்பட்டிருக்கும். அங்கே காப்பு முழுமையானதன்று. அமெரிக்காவில் மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கு மருத்துவ உதவி அளிக்கும் ஓர் அமைப்பு சுமார் 10 ஆண்டுகளாகத் திரட்டிய பதிவுகள், கழுத்துக் காப்பு அணிந்தவர்களிடையே கடுமையான கழுத்துக் காயங்கள் குறைவு என்று காட்டின. எனினும் அணிபவர்கள் பொதுவாகவே கூடுதல் எச்சரிக்கையுள்ளவர்களாக இருக்கலாம் என்பதால், அந்த வேறுபாடு முழுவதையும் கருவியின் கணக்கில் எழுதிவிட முடியாது. காப்பு காறை எலும்பை முறிக்கும் என்ற குற்றச்சாட்டும் தொடக்கம் முதலே உண்டு. அதற்கு விடையாகவே பிற்கால வடிவங்களில் காறை எலும்புக்கு நேர்மேலே மேடை உயர்த்தி வெட்டப்பட்டது. உலகத்தரப் பந்தய வீரர்களிலேயே ஒரு பகுதியினர் இதை அணிவதில்லை. ஆதாரம் முழுமையடையவில்லை என்பதை ஒப்புக்கொண்டே பார்த்தாலும், முறிந்த காறை எலும்பு சில மாதங்களில் கூடிவிடும், நசுங்கிய தண்டுவடம் கூடாது என்ற ஒரே வேறுபாடு, தராசை அணிவதன் பக்கம் சாய்க்கப் போதுமானது.

காற்றுப்பை உடை மற்றொரு வழி. முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகள், ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டதைக் கணித்து, தரையைத் தொடுமுன் மார்பையும் தோளையும் கழுத்தடியையும் சுற்றிப் பைகளை ஊதுகின்றன. மோட்டோ ஜிபி பந்தயத்தில் 2018 முதல் இது கட்டாயம். மணல்மேடுகளில் தாவுவதும் குலுங்குவதும் இயல்பான பாலைவனப் பந்தயத்தில், விழுதலையும் தாவுதலையும் பிரித்தறிய உணரிகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடுதல் காலம் பிடித்தது. டக்கர் ராலி 2021இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுக்குக் காற்றுப்பையைக் கட்டாயமாக்கியது. 2015இல் டக்கரை முடித்த முதல் இந்தியரான பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ், அந்த 2021 ஜனவரிப் பந்தயத்தில்தான் சவூதி அரேபியாவில் விழுந்து தலையில் கடுமையாகக் காயமடைந்து, மருத்துவர்களால் செயற்கையான ஆழ்மயக்கத்தில் வைக்கப்பட்டார். எந்தக் கருவியும் எல்லா விபத்தையும் வெல்வதில்லை என்பதற்கு அது சான்று. 2024இல் ஓசூர் டிவிஎஸ் நிறுவனத்தின் கூட்டணி அணிக்காக ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா டக்கரின் ராலி 2 பிரிவை வென்றார். அதே ஆண்டு ஜனவரியில் இந்திய சூப்பர்கிராஸ் லீக் புனேயில் தொடங்கியது. விளையாட்டு வளர்கிறது, கருவிகளைப் பற்றிய அறிவு அதே வேகத்தில் பரவவில்லை.

பரவாததன் விளைவை அணியும் முறையிலேயே காணலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற நுரை வளையம் கழுத்தின் களைப்பைக் குறைக்கக்கூடும்; விசையை மார்புக்கும் முதுகுக்கும் கடத்தும் கெட்டியான சட்டம் அதில் இல்லாததால், அதைக் காப்பு என்று நம்புவது எதுவும் அணியாததைவிட மோசமான துணிச்சலைத் தந்துவிடும். உண்மையான காப்பும் பொருந்தாவிட்டால் வீண். தலைக்கவசம், மார்புக் கவசம், கழுத்துக் காப்பு மூன்றையும் ஒன்றாக அணிந்து, கால்மிதியில் நிற்கும் நிலையில் நின்று, தலையை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சாய்த்து, விளிம்பு மேடையின் தட்டையான பகுதியில் சீராக வந்து அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். விளிம்பு மேடையின் ஓரத்தைத் தாண்டி உள்ளே நழுவினால் அந்தத் தலைக்கவசமும் அந்தக் காப்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. செங்குத்தான ஏற்றத்தில் தலைக்கவசத்தின் பின்விளிம்பு இடிப்பதால் எரிச்சலுற்றுக் காப்பைக் கழற்றிவிடுவோர் பலர்; பின்பக்க உயரத்தை மாற்றும் திருகுகளும் அட்டைகளும் அதற்காகவே தரப்படுகின்றன. திருவள்ளூரின் மே மாத வெயிலில் தண்ணீர்ப்பை இல்லாமல் ஓட்டுவது நடவாது; ஆனால் முதுகில் தொங்கும் அந்தப் பையின் வார்கள் காப்பின் பின்தண்டை மேலே உந்தி, முழு மேடையையும் இடம்பெயர்த்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பையை அணிந்த நிலையிலேயே பொருத்தத்தைச் சோதிப்பது அவசியம். சிப்காட்டுக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் செல்பவருக்கு இந்தக் கருவி தேவையில்லை. அவருக்குத் தாடையை மூடும் முழுமுகத் தலைக்கவசமும், இறுக்கிப் பூட்டிய பட்டையுமே முதல் தேவை.

விபத்துக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி நிழலில் கிடத்துவது நம் ஊர்களில் இரக்கத்தின் முதல் செயல். முறிந்த எலும்பு தண்டுவடத்தை மேலும் சிதைக்கக்கூடியதும் அப்போதுதான். அவர் மூச்சுவிடுகிறார் என்றால் அசைக்காமல், தலைக்கவசத்தையும் கழற்றாமல், ஒருவர் தலையின் இருபுறமும் கைகளை வைத்து அசையாது பிடித்திருக்க, மற்றவர் 108ஐ அழைக்க வேண்டும். மூச்சு தடைப்பட்டிருந்தால் மட்டும் இருவர் சேர்ந்து, ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் தலைக்கவசத்தை இருபக்கமும் விரித்தபடி மெல்ல உருவ வேண்டும்; மூச்சுவழியைத் திறக்கத் தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் உந்த வேண்டும். கழுத்துக் காப்பில் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் தாழ்களை விடுவித்தால் அது இரண்டாகப் பிரிந்து, கழுத்தை அசைக்காமலே வெளியே வந்துவிடும். குழுவாக ஓட்டச் செல்பவர்களில் ஒருவருக்காவது அந்தத் தாழ்கள் எங்கே உள்ளன என்று தெரிந்திருக்க வேண்டும்.

தண்டுவடக் காயத்தின் எடையைத் தமிழ்நாடு நன்கு அறியும். 1954இல் நிகழ்ந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சைகள் செய்ததோடு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்படக் காரணமாகவும் இருந்தார். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து, கழுத்துக்குக் கீழே முடங்கிய இளைஞர் எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு வழியமைத்தார். அந்த வாழ்வுகளின் பெருமை அளவற்றது. எனினும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் மூச்சுத் தொல்லையும் நாள்தோறும் துரத்தும் அந்த நிலைக்குப் பெரும்பாலான குடும்பங்கள் பொருளாலோ வீட்டமைப்பாலோ ஆயத்தமாக இல்லை என்பதும் உண்மை.

இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 4151 என்ற தரம் உண்டு. 2021 ஜூன் முதல் அந்த முத்திரையில்லாத தலைக்கவசத்தை விற்பதே குற்றம். கழுத்துக் காப்புக்கு அத்தகைய கட்டாயத் தரம் எதுவும் இல்லை. வாங்குபவர் விலையையும் விளம்பரத்தையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே தொழில்திறனுக்குக் குறைவில்லை. 1955இல் திருவொற்றியூர் வட்டாரத்தில் புல்லட் தயாரிப்புக்கு அடித்தளம் இட்ட நிறுவனம் 2016இல் ஹிமாலயன் என்ற பெயரில் கரடுமுரடான பாதைக்கான வண்டியைக் கொண்டுவந்தது. அதன் முக்கிய ஆலைகள் இன்றும் சென்னையைச் சுற்றியே உள்ளன. கண்ணாடி இழை நைலானை வார்ப்பதும் நுரையை அச்சில் ஊதுவதும் இந்த வட்டார வாகன உதிரிபாகத் தொழிலுக்குப் புதிய வேலையன்று. ஒரகடத்தில் உள்ள மத்திய அரசின் வாகன ஆய்வு மையத்தில் விபத்துச் சோதனைக்கான வசதிகளும் உள்ளன. இங்கே இல்லாதது, எந்தத் திசையில் எந்த வேகத்தில் மோதும்போது சோதனைப் பொம்மையின் கழுத்தில் எத்தனை நியூட்டன் குறைய வேண்டும் என்று வரையறுக்கும் ஓர் ஆவணம் மட்டுமே. அந்த வரையறை எழுதப்படும்போது குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி இருக்க வேண்டும். சிறுவர்களுக்கு உடலோடு ஒப்பிடத் தலை பெரியது, கழுத்துத் தசை மெல்லியது, தசைநார் தளர்ந்தது. 50 சிசி வண்டியில் மண்ணில் பழகத் தொடங்கும் 7 வயதுச் சிறுவனுக்குப் பெரியவர்களின் காப்பைப் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவது, பொருந்தாத கருவியால் வரும் எல்லாத் தீமைகளையும் அவன் தோளில் ஏற்றுவதாகும்.